ஆகாய ஏகாதிபத்தியத்தின் பூர்வீகம்

கதை எழுத ஒருவர் போதாதா, ஐவர் எதற்கு என்று நம்மைக் கேட்காதவர் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் மிகச் சிலரே. ஓர் ஊரைப் பற்றிய கதையானால் ஒருவர் போதும், ஓர் ஆகாயத்தைப் பற்றிய கதையானால் ஒருவர் எப்படிப் போதும் என்று நாமும் விடை சொல்லி வந்திருக்கிறோம். விடை வேடிக்கையாயிருப்பினும் சங்கதி வாஸ்தவமானது. நட்சத்திரங்களுக்கிடையே பரந்து கிடக்கும் ஓர் ஏகாதிபத்தியத்தைக் கற்பித்துக்கொண்டு, அதன் ஆட்சிக்குட்பட்ட கோள்களை ஆளுக்கொன்றாய்ப் பங்கிட்டு, அவரவர் கோளில் அவரவர் கதையை நடத்துவதென்று தீர்மானித்தோம். ஆகாயம் ஒன்று, அரசு ஒன்று, காலக்கணக்கும் ஒன்று. ஒருவர் கதையில் மாண்டவன் மற்றொருவர் கதையில் பிழைத்து வரலாகாது. இவ்வளவே நமது ஒப்பந்தம்.

ஐவருள் ஒருவர் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் முப்பது ஆண்டு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒருவர் தஞ்சோங் காராங்கில் மளிகைக்கடை வைத்திருப்பவர். ஒருவர் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, இன்று தாதியாகப் பணிபுரியும் சகோதரி. (அந்த ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர், ஆயினும் அங்கே பிறந்தவர் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.) ஒருவர் மின்சார வேலை தெரிந்த இளைஞர். ஐந்தாமவர் பட்டணத்திலேயே வளர்ந்தவர், கங்காணி ஒருவருடைய பேரன். இவர்களுள் இதை எழுதுகிற கை யாருடையது என்று நேயர்கள் ஆராய வேண்டியதில்லை. ஐவருக்கும் வாசித்துக் காட்டி, ஐவரும் அடித்துத் திருத்தியே இது வெளிவருகிறது.

நாம் கூடுமிடம் மெலாவத்திக் குன்று. ஞாயிறு மாலைகளில் அங்கே குழந்தைகளும் குரங்குகளும் செய்யும் ஆரவாரத்துக்கு நடுவே, பழைய பீரங்கி ஒன்றின் அருகில் உட்கார்ந்து நட்சத்திர ராஜ்யங்களைக் கட்டினோம். இடம் பொருத்தமானதென்றே சொல்லவேண்டும். அந்தக் கோட்டையை 1784 இல் டச்சுக்காரர் பிடித்துத் தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்திங் என்பவர் பெயரால் ஆல்திங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டுக்கொண்டார். அந்தச் சுல்தான் வமிசமும் சுலாவேசித் தீவிலிருந்து வந்த பூகிஸ் மரபினதே. 1871 இல் ‘ரினால்டோ’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து ஊரின்மீது குண்டு பொழிந்தது. இவ்வளவுக்குப் பிறகும், 1907 இல் எழுந்த கலங்கரை விளக்கத்துக்கு இன்றும் வழங்கும் பெயர் ஆல்திங்ஸ்பர்க் என்பதே. ஓராண்டுகூட நிலைத்து ஆளாத ஆட்சியின் பெயர் விளக்கில் இருக்கிறது; அந்த ஓராண்டில் மண் சுமந்தவன் பெயர் எதிலும் இல்லை.

நிற்க. கதைகளை எழுதத் தொடங்குமுன் ஏகாதிபத்தியத்தின் பூர்வீகத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்றார் ஆசிரியர். அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், குடிகள் ஏன் அடங்கினார்கள் என்பவை முடிவாகாமல் ஒரு வரியும் எழுதலாகாது என்பது அவர் கட்சி. ஒரே மாலையில் முடியும் விவகாரமென்று எண்ணினோம். ஓராண்டாயிற்று.

இத்தகைய கூட்டு முயற்சி உலகத்தில் புதிதன்று என்பதை இளைஞர்தாம் எடுத்துக்காட்டினார். ஜெர்மனியில் 1961 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஷேர் என்பவரும் எர்ன்ஸ்டிங் என்பவரும் தொடங்கிய ‘பெர்ரி ரோடன்’ என்னும் வாரக் கதைப் புத்தகம், பல எழுத்தாளர் கைமாறி, 2019 இல் மூவாயிரமாவது இதழைக் கண்டது. ஷேர் கதையின் போக்கைச் சுருக்கமாக வரைந்து கொடுப்பார். அதன்படி மற்றவர்கள் எழுதுவார்கள். அதிலும் ஓர் அந்நிய ஏகாதிபத்தியம் உண்டு. சந்திரனுக்குப் போன மனிதர், ஆர்க்கன் என்னும் தூரத்து நட்சத்திரத்தாரின் கப்பல் அங்கே பழுதாகிக் கிடப்பதைக் காண்கிறார்கள். பழம்பெருமையில் மயங்கிச் சோம்பிப் போன ஜாதி அது. மாயத்திரைகளில் பொழுதைப் போக்கி, ஆளும் வேலையை ஓர் இயந்திர மூளையிடம் விட்டுவிட்டவர்கள். பிற்பாடு வந்த கதைகளில் எழுத்தாளர்கள் அதற்கு ஒரு பூர்வீகம் ஏற்படுத்தினார்கள். அந்த ஆர்க்கன்காரர், ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே பூமியில் வாழ்ந்து ஆகாயமெங்கும் பரவிய ஆதி மனிதரின் கிளையினராம். அந்த ஆதி மனிதருக்கு வைத்த பெயர் லெமூரியர்.

இதைக் கேட்டதும் ஆசிரியர் எழுந்து நின்றுவிட்டார். “பார்த்தீர்களா, ஜெர்மன்காரனும் ஒப்புக்கொண்டான்!” என்றார். அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்க அரைமணி நேரம் சென்றது. லெமூரியா என்ற சொல் 1864 இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் உண்டாக்கியது. மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்னும் பிராணியின் இனத்தோடு தொடர்புடையவை இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் சொல்ல, இரண்டு நிலங்களுக்கும் இடையே ஒரு கண்டம் இருந்து மறைந்திருக்க வேண்டுமென்று அவர் ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டதும் அந்த ஊகத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. நம்மவர் அந்தச் சொல்லை எடுத்துக் குமரிக் கண்டத்தோடு சேர்த்துக் கடலில் மூழ்கடித்தார்கள். ஜெர்மானியர் அதையே எடுத்து ஆகாயத்தில் பறக்கவிட்டார்கள். இரண்டும் கதைதாம். ஒரு கதைக்கு மற்றொரு கதை சாட்சியாகாது. பெருமைக்காகப் பூர்வீகம் தேடுகிறவனுக்கு அகப்பட்டதெல்லாம் ஆதாரமாகிவிடும் என்று கடைக்காரர் சொல்ல, ஆசிரியர் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

பிறகு ஆசிரியர் கல்லில் எழுதிய ஆதாரத்தோடு வந்தார். 1025 ஆம் ஆண்டளவில் ராஜேந்திர சோழனுடைய கப்பற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கி, அந்நாட்டரசனாகிய சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்ததை மெய்க்கீர்த்தி கூறுகிறது. நமது ஏகாதிபத்தியமும் இத்தகைய வீரர்களுடையதாய் இருக்கட்டும் என்பது அவர் பிரேரணை. இந்த விஷயத்தில் நாம் வெகுநேரம் தங்கினோம்; ஏனெனில் பூர்வீகக் கதை எங்கே பிறக்கிறதென்பது இதில் தெளிவாய்த் தெரிகிறது. வென்ற ஊர்களையும், கொண்ட யானைகளையும், கவர்ந்த தோரணத்தையும் வரிசையாய் அடுக்கும் மெய்க்கீர்த்தி, ஏன் படையெடுத்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்வரை இரு அரசுகளும் நட்பாகவே இருந்தன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்த செப்பேடுகள் உள்ளன. பின் எதற்குச் சண்டை? சீனத்தோடு நடந்த வாணிபத்தை ஸ்ரீவிஜயம் தடுத்தது என்பர் சிலர். திக்விஜய ஆசையே என்பர் வேறு சிலர். கல்வெட்டு விட்ட வெற்றிடத்தில் அகிலன் ‘வேங்கையின் மைந்தன்’ எழுதினார். கடாரத்துக் கடல்வழியில் சாண்டில்யன் ‘கடல் புறா’வை மிதக்கவிட்டார். நம் வீடுகளில் தாய்மாரும் தமக்கைமாரும் அவற்றைப் படித்து, கடாரத்தை அயல்வீடு போல் அறிந்திருக்கிறார்கள். கடாரமாகிய கெடா இங்கிருந்து ஒரு நாள் பிரயாணந்தானே!

எல்லாவற்றையும் கேட்டிருந்த கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்தக் கப்பல்களில் துடுப்புப் போட்டவன் யார், வாத்தியாரையா?” ஆசிரியர் நேர்மையானவர். அதற்குக் கல்வெட்டில் விடையில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இதே சோழன் மலாய்க்காரரின் பழைய நூலாகிய ‘செஜாரா மெலாயு’விலும் வருகிறான், ஆனால் அங்கே அவன் கதை வேறு. கலிங்கத்து ராஜா சூலான் சீனத்தை வெல்லப் பெரும்படையோடு கிளம்புகிறான். இதையறிந்த சீனத்து அரசன் ஒரு பழங்கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும், பல்விழுந்த கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறான். சீனம் எவ்வளவு தூரமென்று ராஜாவின் ஆட்கள் கேட்க, புறப்பட்டபோது நாங்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், இம்மரங்கள் வித்துக்கள், இவ்வூசிகள் கைப்பருமனான இரும்புக் கம்பிகள் என்கிறார்கள் கிழவர்கள். ராஜா திரும்பிவிடுகிறான். பின்னர் கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து கடலடியிலுள்ள நாட்டுக்குப் போய், அங்கே ராஜகுமாரியை மணந்து, மக்களைப் பெற்று, பறக்கும் குதிரைமேல் ஏறி மீள்கிறான். இளைஞர் இதைக் கேட்டுத் துள்ளினார். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போகும் கப்பலில் ஒரு தலைமுறை பிறந்து நரைத்துப் போகும் என்று மேல்நாட்டு விஞ்ஞானக் கதைக்காரர் இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் எழுதியதை, மலாக்காவின் பழங்கதை கூறுவோர் ஊசியும் மரமும் கொண்டு சொல்லி முடித்துவிட்டார்களே என்றார். நமது ஏகாதிபத்தியமும் ஒரு தூரத்து நட்சத்திரத்திடம் இப்படி ஏமாந்து திரும்பியதாக எழுதிக்கொண்டோம். ஐவரும் ஆக்ஷேபணையின்றி ஏற்றது இது ஒன்றே.

இதுவரை பேசாதிருந்த சகோதரி அடுத்த ஞாயிறு வாய் திறந்தார். “ஏகாதிபத்தியம் ஜனங்களிடம் எப்படி வந்தது என்றே எல்லோரும் கேட்கிறீர்கள். நம்மிடம் அது எங்கே வந்தது? நம்மையல்லவா அதனிடம் கொண்டு போனார்கள்?” என்றார்.

அவர் கேட்டது மேலோட்டமான கேள்வியன்று. வடசிலாங்கூரில் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பாலானது பெயர்த்துக் கொண்டுவந்து நட்டதே. கித்தா மரம் பிரேசில் தேசத்தது. 1876 இல் அதன் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய் முளைக்க வைத்து, மறு ஆண்டு 22 கன்றுகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். செம்பனை ஆப்பிரிக்காவினது. வாணிப நோக்கோடு இந்நாட்டில் அது முதன்முதல் நடப்பட்டது நமது பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917 இல். நட்டவர் ஆன்ரி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவரே பின்பு இந்த மண்ணைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930 இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். அருமையான நூல்தான். ஆனால் பங்களாத் தாழ்வாரத்திலிருந்து பார்த்த தோட்டம் அது. லயத்து வாசலிலிருந்து பார்த்தவரின் நூலுக்கு அந்நாளில் பரிசு தர யாருமில்லை; எழுதவும் நேரமில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டும்.

“அந்நியர் என்ற சொல்லை நீங்கள் நட்சத்திரத்தில் தேடுகிறீர்கள்,” என்றார் சகோதரி. “என் பாட்டி சாகும்வரை சிவப்பு அடையாள அட்டைதான் வைத்திருந்தார். அறுபது ஆண்டு இந்த மண்ணில் பால்மரம் வெட்டிய கை அது. கதையில் அந்நியர் யாரென்று முதலில் முடிவு செய்யுங்கள்.”

பிறகுதான் அவர் முக்கியமானதைச் சொன்னார். ஏகாதிபத்தியத்தின் துரை எவனும் நம் கிராமத்துக்கு வந்ததில்லை. வந்தவன் நம் பாஷை பேசுகிறவன், நம் ஊர்க்காரன், மாமன் முறையாகிறவன். தலைப்பாகையும் துப்பட்டியும் தரித்து, கடனை அடைக்கப் பணமும் கையில் கொண்டு வந்தவன். ஆகவே ஆகாயக் கதையிலும் அவனே முதலில் வரவேண்டும். அவனில்லாமல் ஏகாதிபத்தியம் ஒரு கோளைக்கூட ஆண்டிருக்க முடியாது என்றார்.

அது கங்காணி. சஞ்சிக்கூலி முறை 1910 இல் ஒழிந்தபின் அவனே பிரதான வாயிலானான். லைசென்சு பெற்றுத் தன் ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பான். கப்பல் செலவை 1907 இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி ஏற்கும். நாகப்பட்டினம் முகாமில் சில நாள், கப்பலில் சில நாள், துறைமுகத்துத் தனிமை முகாமில் சில நாள், அதன்பின் தோட்டம். தான் சேர்த்தவர்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ அதற்கேற்பத் தினந்தோறும் தலைக்காசு கங்காணிக்கு உண்டு. காய்ச்சலில் படுத்தவனுக்குக் காசில்லை. ஆகவே காய்ச்சற்காரனையும் கங்காணி எழுப்பி அனுப்புவான். இந்திய அரசாங்கம் 1938 இல் இவ்வகைக் குடியேற்றத்தைத் தடுக்கும்வரை இது நடந்தது.

கங்காணியின் பேரன் இதைக் கேட்டு எழுந்தார். கோபமாய்ப் பேசினாரில்லை. “என் தாத்தாவும் கூலியாய் வந்தவர்தான். முதலில் அவரை ஒருவர் அழைத்து வந்தார். பிறகு அவர் பிறரை அழைத்து வந்தார். ஊரில் பஞ்சம். இங்கே கஞ்சி இருந்தது. வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று அக்கா சொல்லட்டும்” என்றார். சகோதரி சொல்லவில்லை. அவர் குன்றிலிருந்து தனியே இறங்கிப் போய்விட்டார். இரண்டு மாதம் வரவில்லை.

அவர் இல்லாத நாட்களில் நமக்குக் கதை ஓடவில்லை. கடைக்காரர் மட்டும் ஒரு பழைய சங்கதியைக் கொண்டுவந்தார். 1941 ஆகஸ்டு முதல் தேதி, அசிமோவ் என்னும் இளைஞரும் காம்பெல் என்னும் பத்திராசிரியரும் நியூயார்க்கில் உட்கார்ந்து, வீழ்கின்ற ஓர் ஆகாய ஏகாதிபத்தியத்தின் கதையைப் பேசித் தீர்மானித்தார்கள். ரோமாபுரியின் வீழ்ச்சியை மாதிரியாகக் கொண்டு எழுதியதாக அசிமோவே சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு, அதற்குச் சில மாதங்களுக்கு முன், இதே சிலாங்கூரில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கச் சொன்னார்கள். மே மாதம் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். அசிமோவின் முதற்கதை அச்சில் வந்தது 1942 மே மாத இதழில். அதற்குள் பிப்ரவரி 15 ஆம் தேதியே சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்துவிட்டது. சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லாத காலம் வந்ததென்று மகிழ்ந்தவர்களை ஜப்பானியர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். ரோமாபுரியைக் கொண்டு ஏகாதிபத்தியம் எழுதுவது கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் ஒரு சாதாரண மனிதன் சைக்கிளைவிட்டு இறங்குகிற இடத்தில் அல்லவா அது கண்ணுக்குத் தெரிகிறது? நமது ஆகாயத்திலும், துரையின் வாகனம் போகும்போது குடிகள் தங்கள் சிறு ஓடங்களின் விளக்கை அணைக்கவேண்டும் என்றொரு விதியை அன்று சேர்த்தோம்.

மூன்றாம் மாதத்து முதல் ஞாயிறு கங்காணியின் பேரன் வந்தார். அவர் கையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு நீளக் கணக்குப் புத்தகம். தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்ததாம், 1920களில் எழுதியது. ஒன்றும் பேசாமல் அதைச் சகோதரியின் முன் வைத்தார்.

ஊர், பெயர், தகப்பன் பெயர், வாங்கிய முன்பணம், கழித்தது, நின்றது என்று பத்தி பத்தியாய் இருந்தது. சில இடத்தில் முன்பணம் முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது. அடைத்ததனாலா, கங்காணி மனமிரங்கி விட்டதனாலா என்பதற்குக் குறிப்பில்லை. பதினோரு பெயர்களுக்கு நேரே ‘போய்விட்டான்’ என்ற ஒரே சொல் இருந்தது. அந்தச் சொல்லைக் குறித்து நாம் பேசிய பேச்சு, கடாரத்தைக் குறித்தும் பேசியதில்லை. ஊருக்குப் போனானா? வேறு தோட்டத்துக்கு ஓடினானா? இறந்தானா? ஓடிப்போனவனுக்கு ‘ஓடிவிட்டான்’ என்று வேறிடத்தில் எழுதியிருப்பதால் இது மரணமே என்றார் ஆசிரியர். ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே ‘செத்துவிட்டாள்’ என்று வெளிப்படையாய் இருப்பதால் இது மரணமன்று என்றார் இளைஞர். எழுதியவருக்கே கை வரவில்லை போலும் என்றார் பேரன், மெதுவாக. சகோதரி அதற்கு உடன்படவில்லை. தலைக்காசுக் கணக்கில் ஆள் குறைந்ததைக் காட்டப் போதுமான சொல் அது, அதற்குமேல் அதில் மனதைத் தேடவேண்டாம் என்றார். ஆயினும் புத்தகத்தை அவர் கீழே வைக்கவில்லை. தம் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று ஏடு ஏடாய்ப் பார்த்தார். இல்லை.

இருட்டியபின் தீர்மானமாயிற்று. ஏகாதிபத்தியத்தின் பூர்வீகத்தை எழுதுவதில்லை. அவர்கள் எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தார்களென்பது எந்தக் கதையிலும் வராது. குடிகளுக்குத் தெரியாததை நாமும் சொல்லப்போவதில்லை. இதில் ஆசிரியருக்கு வருத்தமே. தம் கோளில் மட்டும் ஒரு பழைய மெய்க்கீர்த்தியை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார், கொடுத்தோம். அழைத்து வருகிறவனின் கதையைப் பேரனே எழுதுவார். அவனைக் கொடியவனாக்கச் சொல்லக்கூடாது என்பது அவர் நிபந்தனை. அவனை மன்னிக்கும்படி வாசகரைக் கேட்கக்கூடாது என்பது சகோதரியின் நிபந்தனை. முதல் பிரதியை இருமுறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது இப்போது அவரிடம் இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் நிறையக் குறித்திருக்கிறாரென்று கேள்வி.

கணக்குப் புத்தகமும் அவரிடந்தான் இருக்கிறது. மை மங்கி வருவதால் எல்லாப் பெயர்களையும் புதிய நோட்டில் படியெடுக்க வேண்டுமென்று தாமே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரவு வேலையில்லாத நாட்களில் கொஞ்சங் கொஞ்சமாய் எழுதுகிறார். அடுத்த கூட்டம் தஞ்சோங் காராங்கில், கடைக்காரர் வீட்டில். மழைக்காலமாதலால் குன்றில் உட்கார முடிவதில்லை.